ஆஃபீஸ் 2016, 2019 வைத்திருப்பவர்கள் புதியதுக்கு மாறலாமா? பணம் கட்டும் முன் செய்து பார்க்க வேண்டியவை

2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரே நாளில் விண்டோஸ் 10, ஆஃபீஸ் 2016, ஆஃபீஸ் 2019 மூன்றுக்கும் ஆதரவை நிறுத்தியது. மறுநாள் காலை யாருடைய வேர்டும் திறக்காமல் போகவில்லை. எக்செல் கணக்குப் போட்டது, பிரிண்டர் அச்சடித்தது. ஆகவே கம்ப்யூட்டர் கடையில் யாராவது "எக்ஸ்பயரி ஆயிடுச்சு சார், புதுசு போட்டாத்தான் இனிமே ஓடும்" என்றால் நம்ப வேண்டாம். நின்றுபோனவை பாதுகாப்புத் திருத்தங்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்கு எவ்வளவு என்று நீங்களே கண்டுபிடிக்கத்தான் இந்த வழிகாட்டி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய பதிப்பில் என்னென்ன வசதி இருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்தப் பட்டியலில் பாதியை நீங்கள் தொடவே மாட்டீர்கள். ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் கோப்புகள் புதியதில் எப்படித் திறக்கின்றன என்பதுதான் கேள்வி.

1. இப்போது இருப்பது எது?

வேர்டைத் திறந்து "ஃபைல்", பிறகு "அக்கவுண்ட்" என்று போங்கள். வலப்பக்கம் பதிப்பின் பெயர் இருக்கும். "அபௌட் வேர்ட்" பொத்தானை அழுத்தினால் அது 32 பிட்டா 64 பிட்டா என்பதும் தெரியும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். விண்டோஸோடு சேர்ந்து வரும் "மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட்" என்ற செயலியைப் பார்த்து, நம்மிடம் 365 (மைக்ரோசாஃப்ட் சந்தாவுக்குத் தரும் ஆஃபீஸ்) இருக்கிறது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது வெறும் வாசல்தான். அது இருப்பதால் உங்களிடம் சந்தா இருப்பதாக அர்த்தமில்லை.

ஆதரவு முடிந்த தேதிகள் இவை. ஆஃபீஸ் 2007-க்கு 2017 அக்டோபர் 10. 2010-க்கு 2020 அக்டோபர் 13. 2013-க்கு 2023 ஏப்ரல் 11. 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14. ஆஃபீஸ் 2021-க்கு 2026 அக்டோபர் 13 வரைதான் காலம். 2024-க்கு 2029 அக்டோபர் 9 வரை. 2021 பதிப்பு சலுகை விலையில் கிடைக்கிறது என்று யாராவது தூக்கிக்கொண்டு வந்தால் இந்தத் தேதியை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தேதிகளும் பதிப்பு வெளியான நாளை ஒட்டிக் கணக்கிடப்படுபவை. நீங்கள் எப்போது வாங்கினீர்கள் என்பதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

உங்களிடம் இருப்பது கிராக் போட்ட பிரதி என்றால் (சிறிய அலுவலகங்களில் அது எவ்வளவு சகஜம் என்று எல்லோருக்கும் தெரியும்) ஆதரவுத் தேதிகளைப் பற்றிய கவலை உங்களுக்கு இரண்டாம்பட்சம். உரிமத்தை ஏமாற்ற ஓட்டிய அந்தச் சின்ன நிரல், ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லிவிட்டுத்தானே உள்ளே வந்தது? நேராக 6-ஆவது படிக்குப் போய், இலவசமாகக் கிடைப்பதிலிருந்து தொடங்குங்கள்.

2. அபாயம் உங்களுக்கு எவ்வளவு?

வேர்டில் கணிதச் சமன்பாடு எழுத "ஈக்குவேஷன் எடிட்டர்" என்று ஒரு பழைய கருவி இருந்தது. அதன் நிரல் 2000-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்டது. அதில் இருந்த ஓட்டை 17 ஆண்டுகள் கழித்து, 2017-இல் வெளியே தெரிந்தது. மேக்ரோவை (கோப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நிரல்) நீங்கள் அனுமதிக்கத் தேவையில்லை, எதையும் சொடுக்கத் தேவையில்லை. தயார் செய்யப்பட்ட ஒரு கோப்பைத் திறந்தாலே போதும், வெளியாளின் நிரல் உங்கள் கணினியில் ஓடும். மைக்ரோசாஃப்ட் 2017 நவம்பரில் திருத்தம் தந்தது, 2018 ஜனவரியில் அந்தக் கருவியையே ஆஃபீஸிலிருந்து எடுத்துவிட்டது. திருத்தம் போடாத கணினிகளைக் குறிவைத்து அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அதே ஓட்டையைப் பயன்படுத்தினார்கள். ஆதரவு முடிந்த ஆஃபீஸில் இனி ஓர் ஓட்டை தெரியவந்தால் அது அடைபடாமலே இருக்கும்.

எனவே உங்களுக்கு முன்பின் தெரியாதவர்களிடமிருந்து எவ்வளவு கோப்புகள் வருகின்றன என்று பாருங்கள். டிடிபி சென்டர், ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் அலுவலகம், வேலைக்கு விண்ணப்பம் வாங்கும் இடம்: இவர்கள் தள்ளிப்போடக் கூடாது. நாள் முழுக்க அடுத்தவர் மின்னஞ்சலும் பென் டிரைவும்தான் அங்கே. வீட்டில் ஒரே ஒரு கணினி, மாதம் ஒரு கடிதம், வரவு செலவுக் கணக்கு என்றால் அவசரம் இல்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் கோப்புகளை மட்டும் பழைய ஆஃபீஸில் திறக்காதீர்கள். உலாவியில் இலவசமாகக் கிடைக்கும் வேர்ட், எக்செல் அல்லது கூகுள் டாக்ஸில் திறந்து பாருங்கள்.

3. உங்களிடம் உள்ள கடினமான கோப்புகளைப் பொறுக்குங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. சாதாரணக் கடிதங்கள் எதில் போட்டாலும் திறக்கும். அவற்றைச் சோதிப்பதில் பயனில்லை. வேலையே நின்றுவிடும் என்று சொல்லக்கூடிய ஏழெட்டுக் கோப்புகளை எடுத்து, தனி ஃபோல்டரில் நகல் வையுங்கள். எவற்றை எடுப்பது?

தமிழ்க் கோப்புகள் முதலில். பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள்தான். அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுவது எழுத்துரு. எழுத்துரு விண்டோஸில் இருக்கிறது, ஆஃபீஸில் இல்லை. அதே கணினியில் ஆஃபீஸை மட்டும் மாற்றினால் பாதிப்பு வராது. புதுக் கணினிக்குப் போகும்போது எழுத்துருக் கோப்புகளைக் கூடவே எடுத்துப் போகாவிட்டால், பத்து வருட நோட்டீஸெல்லாம் பொருளற்ற ஆங்கிலக் குப்பையாகத் தெரியும்.

இவ்வகை எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. புதிதாக நிறுவிய வேர்டில் "ஆட்டோ கரெக்ட்" மறுபடி முழுவதுமாக இயங்க ஆரம்பித்துவிடும். வாக்கியத்தின் முதல் எழுத்தை அது பெரிய எழுத்தாக்கும். ஆங்கிலத்தில் அது திருத்தம். பாமினியில் சிறிய எழுத்துக்கு ஒரு தமிழ் எழுத்து, பெரிய எழுத்துக்கு வேறொரு தமிழ் எழுத்து என்பதால் சொல்லே மாறிவிடும். நேர் மேற்கோள்குறியை வளைந்த குறியாக மாற்றுவதும் அப்படியே. பழைய கணினியில் யாரோ எப்போதோ அணைத்து வைத்திருப்பார்கள், எல்லோரும் மறந்திருப்பார்கள். "புது ஆஃபீஸில் தமிழ் அடிக்க வரமாட்டேன் என்கிறது" என்ற புகாரில் கணிசமானவை இதனால்தான். "ஃபைல்", "ஆப்ஷன்ஸ்", "புரூஃபிங்", "ஆட்டோ கரெக்ட் ஆப்ஷன்ஸ்" என்று போய் அணைத்தால் சரியாகிவிடும்.

யுனிகோடில் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அடித்தவர்களுக்கு வேறு விஷயம். லதா எழுத்துரு விண்டோஸ் 10 முதல் தானாக வருவதில்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் "ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்" பகுதியில் "தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ்" என்று இருப்பதைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் வேறு எழுத்துரு அந்த இடத்தில் உட்கார்ந்து, வரிகள் உடையும் இடமெல்லாம் மாறும். நீளமான ஒரு தமிழ்க் கோப்பை எடுத்து, பழையதில் எத்தனை பக்கம், புதியதில் எத்தனை பக்கம் என்று பாருங்கள். பக்க எண்ணிக்கை மாறியிருந்தால் பொருளடக்கமும் அட்டவணைகளும் இடம் பெயர்ந்திருக்கும்.

பள்ளி ஆசிரியர்கள் பழைய கணித வினாத்தாள் ஒன்றை எடுங்கள். மேலே சொன்ன ஈக்குவேஷன் எடிட்டரில் எழுதிய சமன்பாடுகள் புதிய வேர்டில் படமாகத் தெரியும், அச்சாகும். அந்தக் கருவியைக் கொண்டு திருத்த மட்டும் முடியாது. இலவச மாற்று மென்பொருளான லிப்ரெஆஃபீஸ் அவற்றைத் தன் சொந்தச் சமன்பாடாக மாற்றித் திறக்க முயலும். பல சமயம் சரியாக வரும், சில சமயம் குறிகள் பிசகும். ஒவ்வொன்றாகப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

அடுத்து மேக்ரோ உள்ள எக்செல் கோப்புகள். வருமான வரித்துறை தரும் எக்செல் படிவங்கள் மேக்ரோவை நம்பி எழுதப்பட்டவை. அவற்றுக்கு மைக்ரோசாஃப்ட் எக்செல்தான் வேண்டும், லிப்ரெஆஃபீஸை வைத்துப் போராட வேண்டாம். புதிய ஆஃபீஸிலும் ஒரு மாற்றம் உண்டு: இணையத்திலிருந்து இறங்கிய கோப்பின் மேக்ரோக்கள் இப்போது இயல்பாகவே தடுக்கப்படும். கோப்பின் மேல் வலது பொத்தானைச் சொடுக்கி, "பிராப்பர்டீஸ்" திறந்து, கீழே "அன்பிளாக்" என்பதைக் குறியிட வேண்டும். அரசுத் தளத்திலிருந்து நீங்களே இறக்கிய கோப்புக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததற்குச் செய்யாதீர்கள்.

யாரோ எழுதிக் கொடுத்த பில்லிங் மேக்ரோ இருக்கிறதா? 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் போகும்போது, விண்டோஸின் உள் நிரல்களை அழைக்கும் மேக்ரோக்கள் பிழை காட்டி நிற்கலாம். 2019 முதல் ஆஃபீஸ் இயல்பாக 64 பிட்டாகவே நிறுவப்படுகிறது. எழுதிக் கொடுத்தவர் இன்னும் தொடர்பில் இருக்கிறாரா என்பதைத் தெரிந்துகொண்டு மேலே போங்கள்; இல்லையென்றால் 32 பிட் பதிப்பைக் கேட்டு நிறுவவும் வழி உண்டு.

பப்ளிஷரில் அழைப்பிதழோ பள்ளி மலரோ செய்தவர்கள் கவனியுங்கள். ஆஃபீஸ் 2024-இல் பப்ளிஷர் இல்லை, 2026 அக்டோபருக்குப் பிறகு அதற்கு ஆதரவும் இல்லை. பழைய பதிப்பு கையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் மாறுகிறீர்களோ இல்லையோ செய்துவிடுங்கள்.

4. கோப்பு வடிவம் வேறு, மென்பொருள் வேறு

புதிய ஆஃபீஸ் வாங்க வேண்டும் என்று நினைப்பவர்களில் சிலருக்குத் தேவை வேறு. 2003 காலத்து எக்ஸ்எல்எஸ் வடிவத்திலேயே இன்னும் சேமித்துக்கொண்டிருப்பார்கள். அந்த வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிகள்தான். 2007-இல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் 10,48,576. இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை 2020-இல் கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய வடிவத்தில் ஏற்றியதால், வரம்பைத் தாண்டிய வரிகள் விடுபட்டு, 15,841 தொற்றாளர்கள் ஒரு வாரத்துக்குக் கணக்கிலேயே வராமல் போனார்கள். அவர்களிடம் புதிய மென்பொருள் இல்லாமல் இல்லை. தலைப்பில் "கம்பேட்டிபிலிட்டி மோட்" என்று தெரிந்தால் "சேவ் அஸ்" கொடுத்துப் புதிய வடிவத்தில் சேமியுங்கள். 2016-இலேயே முடியும், செலவில்லை.

5. எதிரே இருப்பவர் என்ன வைத்திருக்கிறார்?

எக்செலில் எக்ஸ்லுக்அப், ஃபில்டர், சார்ட் (SORT), யுனீக் ஆகிய செயல்பாடுகள் ஆஃபீஸ் 2021 முதல் உண்டு. 2016, 2019-இல் கிடையாது. தலைமை அலுவலகம் அனுப்பும் கோப்பைத் திறந்தால் சூத்திரத்தின் முன்னால் "எக்ஸ்எல்எஃப்என்" என்ற எழுத்துகள் ஒட்டிக்கொண்டு தெரிகிறதா? அனுப்பியவர் உங்களைவிடப் புதிய எக்செல் வைத்திருக்கிறார் என்று பொருள். கோப்பைத் தொடாதவரை பழைய விடை தெரியும், மீண்டும் கணக்கிட்டதும் பிழை வரும். இது வாரத்துக்கு இரண்டு முறை நடந்தால் மாறுவதற்கு அதுவே போதுமான காரணம்.

மறுபக்கமும் உண்டு. நீங்கள் மட்டும் மாறி, உங்கள் கோப்பை வாங்குபவர்கள் 2016-இலேயே இருந்தால் எக்ஸ்லுக்அப்புக்கு முந்தைய விலுக்அப் செயல்பாட்டை விட்டுவிடாதீர்கள். புதிய வேர்டின் இயல்பு எழுத்துரு ஆப்டோஸ். பழைய கணினிகளில் அது இருக்காது, பக்க அமைப்பு குலையும். இயல்பு எழுத்துருவைக் காலிப்ரிக்கே மாற்றி வையுங்கள்.

6. மூன்று வழிகள், பணக் கணக்கோடு

ஒருமுறை வாங்கும் ஆஃபீஸ் 2024. ஒரு கணினிக்கு ஒன்று. "ஹோம்" பதிப்பில் வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட், ஒன்நோட். "ஹோம் அண்டு பிசினஸ்" பதிப்பில் அவுட்லுக்கும், தொழிலுக்குப் பயன்படுத்தும் உரிமையும் சேர்கின்றன. கடைக்கோ அலுவலகத்துக்கோ என்றால் இரண்டாவதுதான் முறை. விலையை 2029 அக்டோபர் வரை மிச்சமிருக்கும் ஆண்டுகளால் வகுங்கள்.

மைக்ரோசாஃப்ட் 365 சந்தா. "பர்சனல்" ஒருவருக்கு, ஒரே நேரத்தில் ஐந்து சாதனங்களில். "ஃபேமிலி" ஆறு பேர் வரை. ஆளுக்கு ஒரு டெராபைட் ஒன்டிரைவ். மேலே வகுத்து வந்த தொகையோடு ஆண்டுச் சந்தாவை ஒப்பிடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கணினியோ, குடும்பத்தில் மூன்று நான்கு பேரோ இருந்தால் பெரும்பாலும் சந்தா மலிவாக வரும். தனியாள், ஒரே கணினி என்றால் ஒருமுறை வாங்குவதே மேல் என்பது என் கருத்து. சந்தா நின்றால் கோப்புகள் அழியாது. திறக்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது. ஆனால் ஒன்டிரைவ் இலவச அளவு 5 ஜிபிதான். 200 ஜிபி படங்களை ஏற்றிய பிறகு சந்தாவை விடுவது எளிதல்ல. பலர் ஆண்டுதோறும் கட்டிக்கொண்டே இருப்பதற்கு வேர்டைவிட இதுதான் காரணம்.

சில நூறு ரூபாய்க்கு "லைஃப்டைம் கீ" விற்பவர்களை நாடாதீர்கள். பெரும்பாலும் அவை நிறுவனங்களுக்கு மொத்தமாகத் தரப்பட்ட உரிமத்திலிருந்து கசிந்தவை. இன்று வேலை செய்யும், என்றோ ஒருநாள் முடக்கப்படும்.

லிப்ரெஆஃபீஸ். இலவசம், அலுவலகத்துக்கும் சட்டபூர்வமானது, இடைமுகம் தமிழிலும் கிடைக்கும். ஆண்டுக்கு இரண்டு பெரிய வெளியீடுகள். 24.8 பதிப்பிலிருந்து எக்ஸ்லுக்அப், ஃபில்டர் போன்றவையும் வந்துவிட்டன, அதாவது எக்செல் 2016-இல் இல்லாத இந்தச் செயல்பாடுகள் இதில் இருக்கின்றன. கடிதம், பட்டியல், மனு, வினாத்தாள், சின்னக் கணக்கு என்பதோடு முடிகிற இடங்களில் இதற்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை. மேக்ரோ உள்ள எக்செலும், அடுத்தவரோடு மாறி மாறித் திருத்தும் சிக்கலான வேர்ட் கோப்புகளும் உங்கள் பிழைப்பு என்றால் இதை நம்பி முழுவதும் மாறாதீர்கள்.

கணினியையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். ஆஃபீஸ் 2024-க்கு விண்டோஸ் 10 அல்லது 11 வேண்டும். லிப்ரெஆஃபீஸ் 25.8 பதிப்பும் விண்டோஸ் 7, 8-ஐக் கைவிட்டுவிட்டது. ஆதரவு முடிந்த விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு ஆஃபீஸை மட்டும் புதுப்பிப்பது, கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டு ஜன்னலைத் திறந்து வைப்பதுதான். கணினி மெதுவாக இருக்கிறது என்பதற்காக ஆஃபீஸை மாற்ற நினைத்தீர்களானால், அந்தப் பணத்தில் எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) போடுங்கள்.

7. ஒத்திகை

முதலில் லிப்ரெஆஃபீஸை நிறுவுங்கள். ஏற்கெனவே உள்ள ஆஃபீஸை அது தொந்தரவு செய்யாது, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நிறுவும்போது வேர்ட், எக்செல் கோப்புகளை இயல்பாக இதிலேயே திறக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் பொறுக்கிய ஏழெட்டுக் கோப்புகளையும் திறந்து, திருத்தி, சேமித்து, மறுபடி பழைய வேர்டில் திறந்து பாருங்கள். திறந்து பார்ப்பதோடு நிறுத்தினால் சோதனை பாதிதான். கோளாறுகள் சேமித்து வந்த பிறகே தெரியும்.

லிப்ரெஆஃபீஸில் தமிழுக்கென்று தனி எழுத்துரு அமைப்பு உண்டு. "டூல்ஸ்", "ஆப்ஷன்ஸ்" வழியாக மொழி அமைப்புகளுக்குப் போய், "காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்" என்பதை இயக்கி, மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அந்தப் பிரிவுக்கான எழுத்துருவையும் குறிப்பிடுங்கள். இதைச் செய்யாமல், எழுத்துருவை மாற்றினால் ஆங்கிலம் மட்டும் மாறுகிறது, தமிழ் அப்படியே நிற்கிறது என்று அலுத்துக்கொண்டு நீக்கியவர்கள் நிறையப் பேர்.

மைக்ரோசாஃப்ட் 365-ஐ ஒரு மாதம் இலவசமாகப் பார்க்கலாம். கார்டு விவரம் கேட்பார்கள், மாதம் முடிந்ததும் பணம் எடுத்துக்கொள்வார்கள். பதிவு செய்த அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிடுங்கள். நீங்கள் அன்றாடம் வேலை பார்க்கும் கணினியில் இந்த ஒத்திகை வேண்டாம். பழைய ஆஃபீஸை நீக்கும்படி அது கேட்கக்கூடும், திரும்பி வர உங்களிடம் பழைய புராடக்ட் கீ இருக்கிறதா என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும். வீட்டில் இன்னொரு மடிக்கணினி இருந்தால் அதில் பாருங்கள்.

8. மாறுகிற நாள்

கோப்புகளை வெளித்தட்டில் நகலெடுப்பது எல்லோருக்கும் தெரியும். விட்டுப்போவது வேறு சில: வேர்டின் இயல்பு வார்ப்புருவான நார்மல் கோப்பு, நீங்கள் சேர்த்த ஆட்டோ கரெக்ட் சுருக்கங்கள், எழுத்துரு ஃபோல்டர், அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பு. பிஎஸ்டியில் பழைய மின்னஞ்சல்கள் இருந்தால் "நியூ அவுட்லுக்" என்ற மாற்றுப் பொத்தானைத் தொடாமல் கிளாசிக் அவுட்லுக்கிலேயே இருங்கள். பழைய ஆட்-இன்கள் (அவுட்லுக்கோடு சேர்த்து நிறுவிய கூடுதல் நிரல்கள்) புதியதில் வேலை செய்யா.

ஒரே நாளில் எல்லாக் கணினிகளையும் மாற்றாதீர்கள். அலுவலகத்தில் அதிகம் குறை சொல்பவரின் கணினியை முதலில் மாற்றுங்கள். ஒரு வாரத்தில் எல்லாக் கோளாறும் உங்கள் மேசைக்கு வந்துவிடும். ஆடிட்டர் அலுவலகம் என்றால் ஜூலையிலும் மார்ச்சிலும் இந்த வேலை வேண்டாம். பள்ளி என்றால் தேர்வுக்கு முந்தைய மாதம் வேண்டாம். பழைய ஆஃபீஸ் உள்ள ஒரு கணினியையாவது இணையத் தொடர்பைத் துண்டித்து அப்படியே வைத்திருங்கள். ஒரு மாதக் கடைசிச் சம்பளப் பட்டியலும் ஒரு சுற்று பில்லும் புதியதில் சரியாக வந்த பிறகு அதையும் நீக்கலாம்.